ஒரு முடி போதும்

பொங்கல் கழிந்து புதுச்சேரிக் கடல் தெளியத் தொடங்கியதும் என் தொலைபேசிக்கு ஓய்வு இருக்காது. மழைக்காலம் முழுக்க அலமாரியில் கிடந்த டைவ் கம்ப்யூட்டரை அப்போதுதான் எடுத்துப் பார்த்திருப்பார்கள். திரை வெறுமையாக இருக்கும், அல்லது மூலையில் பேட்டரிப் படம் ஒன்று மினுக்கிக்கொண்டிருக்கும். “அக்கா, பேட்டரிதான் போயிருக்கு. ஞாயித்துக்கிழமை டைவ். பக்கத்து வாட்ச் கடையில மாத்திக்கட்டுமா?” என்று கேட்பார்கள்.

ஸ்கூபா கருவிகளைப் பராமரிப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். அந்தக் கேள்விக்கு நான் ஒரே சொல்லில் பதில் சொல்வதில்லை. ஏனென்றால், பேட்டரி மாற்றுவது என்று நாம் சொல்லும் வேலையில் பேட்டரிக்கு உள்ள பங்கு மிகச் சிறியது. மூடிக்கு அடியில் இருக்கும் மெல்லிய ரப்பர் வளையத்துக்குத்தான் பெரிய பங்கு. மாற்றுகிற நேரத்தில் உங்கள் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு இன்னொரு பெரிய பங்கு. இந்த இரண்டையும் புரிந்துகொண்டவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பேட்டரியை மாற்றலாம். புரியாதவர் எவ்வளவு நல்ல கடைக்குப் போனாலும் ஆபத்துதான்.

உடம்பிலிருந்து தொடங்குகிறேன்.

கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. சிலிண்டரிலிருந்து நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் நைட்ரஜன். அழுத்தம் கூடக்கூட அது இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது. நிதானமாக மேலே வந்தால், சேர்ந்தது மூச்சு வழியாகவே வெளியேறிவிடும். அவசரமாக வந்தாலோ, அந்த ஆழத்தில் இருக்க வேண்டிய நேரத்தைத் தாண்டி இருந்துவிட்டு வந்தாலோ, அது உடம்புக்குள்ளேயே குமிழிகளாகப் பிரியும். மூட்டுவலியில் தொடங்கி, கால்கள் செயலிழப்பது வரை கொண்டுபோய்விடும். மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்களில் கம்ப்ரஸர் குழாயைக் கவ்விக்கொண்டு இறங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எவ்வளவு நேரம் இருந்தோம், எவ்வளவு ஆழம் போனோம் என்பதற்கு அவர்கள் கையில் கருவி எதுவும் இல்லை. நம் கையில் இருக்கிறது. அதனால்தான் அதை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் விடாப்பிடியாகச் சொல்கிறேன்.

இந்த நைட்ரஜன் கணக்கை முதலில் முறையாகப் போட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக வெள்ளாடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, 1908-ல் தன் சகாக்களோடு அட்டவணைகளை வெளியிட்டார். உடம்பின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை வாங்குவதில்லை, ஒரே வேகத்தில் விடுவதும் இல்லை என்பதற்காக அவர் உடம்பைக் கணக்கில் 5 பிரிவுகளாகப் பிரித்தார். பின்னால் சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் பியூல்மான் அதை 16 பிரிவுகளாக்கினார். அவற்றில் வேகமானது நான்கைந்து நிமிடத்தில் பாதி நிரம்பிவிடும். மிக மெதுவானதற்கு அதே பாதி நிரம்ப 635 நிமிடம், அதாவது பத்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெளியேறுவதும் அப்படியே. 1983-ல் அமெரிக்காவில் ‘எட்ஜ்’, ஐரோப்பாவில் ‘டெகோபிரெய்ன்’ என்று கருவிகள் விற்பனைக்கு வந்தபோது, காகித அட்டவணையில் இருந்த கணக்கு தண்ணீருக்குள் நம்மோடு இறங்கத் தொடங்கியது. இன்று மணிக்கட்டில் கட்டும் கம்ப்யூட்டர் சில நொடிகளுக்கு ஒருமுறை ஆழத்தை அளந்து, ஒவ்வொரு பிரிவிலும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறது.

படகில் ஏறி டீ குடிக்கும்போதும் அது கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கும். திரை அணைந்திருக்கலாம், கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். காலை 9 மணி டைவின் மிச்சம் 11 மணி டைவில் சேர வேண்டும் அல்லவா? இப்போது இரண்டு டைவுக்கும் நடுவே பேட்டரியைக் கழற்றினால் என்ன ஆகும்? பல மாடல்களில் அந்தக் கணக்கு அழிந்துவிடும். புதுப் பேட்டரி போட்டதும் கம்ப்யூட்டர் பளிச்சென்று விழிக்கும். உங்களை மாதக்கணக்கில் கடலையே பார்க்காத ஆளாக நினைத்துக்கொண்டு, தாராளமாக நேரம் கொடுக்கும். அந்த நேரத்தை நம்பி இறங்குவது, தப்பான கம்ப்யூட்டரை நம்பி இறங்குவதைவிட மோசம். கருவி நல்ல நிலையில் இருக்கிறது என்ற தைரியத்தில் நாம் சந்தேகமே பட மாட்டோம். சில நொடிகளுக்குள் மாற்றிவிட்டால் நினைவு தங்கும் மாடல்களும், நினைவைத் தனியாகப் பத்திரப்படுத்தும் மாடல்களும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று கையேட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கையேடு சொல்லாவிட்டால், கடைசி டைவ் முடிந்து 24 மணி நேரமாவது கழித்து மாற்றுங்கள். தொடர்ந்து சில நாட்கள் டைவ் செய்திருந்தால், விமானத்தில் ஏறக் கூடாது என்று கம்ப்யூட்டர் காட்டும் நேரம் முழுக்க ஓடி முடியட்டும். எப்போது மாற்றுவது என்பதைப் பேட்டரி முடிவு செய்யக் கூடாது. உடம்புதான் முடிவு செய்ய வேண்டும்.

அதனால் எச்சரிக்கைப் படம் வரும்வரை காத்திருக்கவே வேண்டாம் என்பேன். அந்தமான் பயணமோ திரிகோணமலைப் பயணமோ வைத்திருந்தால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். பாதி உயிர் மிச்சம் இருக்கும் பேட்டரியைத் தூக்கிப் போடுகிறோமே என்று சிலருக்கு மனசு கேட்காது. ஒரு டைவுக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் பேட்டரியின் விலை ஒன்றுமே இல்லை.

ஒருவேளை தண்ணீருக்கு அடியிலேயே திரை அணைந்துவிட்டால்? பதற்றம் வேண்டாம். கூட்டாளிக்குச் சைகை காட்டுங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் மெதுவாக ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 முதல் 5 நிமிடம் நின்று, பிறகு மேலே வாருங்கள். அன்றைய டைவ் அத்தோடு முடிந்தது. அடுத்த 24 மணி நேரம் இறங்கக் கூடாது. கடன் வாங்கிய கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு மதியம் இறங்குவது சரிப்படாது. அதற்கு அதன் சொந்தக்காரரின் உடம்பு தெரியும், உங்கள் உடம்பு தெரியாது.

இனி வளையம்.

அதன் பெயர் ஓ-ரிங். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ரப்பர் வளையம் என்பது அதற்கு முன்பும் இருந்ததுதான். அதைத் தன் தடிமனைவிடச் சற்று அகலமான பள்ளத்தில் உட்கார வைத்தால் அழுத்தமே அதை நெருக்கி இடைவெளியை அடைத்துவிடும் என்பதை அவர் செய்து காட்டினார். வீட்டில் குக்கரின் கேஸ்கெட் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதேதான். அங்கே ஆவி உள்ளிருந்து தள்ளுகிறது, இங்கே கடல் வெளியிலிருந்து தள்ளுகிறது.

எவ்வளவு தள்ளுகிறது என்று பாருங்கள். பேட்டரி மூடியின் விட்டம் 3 சென்டிமீட்டர் என்றால் பரப்பு ஏறத்தாழ 7 சதுர சென்டிமீட்டர். புதிதாகப் பயிற்சி முடித்தவர்கள் போகக்கூடிய 18 மீட்டர் ஆழத்தில் அந்த மூடியின் மேல் 13 கிலோ எடை உட்கார்ந்தது போன்ற அழுத்தம் இருக்கும். 40 மீட்டரில் அது 28 கிலோ. இத்தனை அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டு, உள்ளே ஒரு துளி ஈரம் வராமல் அந்த மெல்லிய வளையம் காக்கிறது.

கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும் செய்தி ஒன்று: ஆழத்தில் கசிவதைவிட மேல் மட்டத்தில் கசிவதற்கே வாய்ப்பு அதிகம். ஆழத்தில் கடலே வளையத்தை நெருக்கி அடைத்துவிடுகிறது. அலசும் தொட்டியிலும் கரையோர அலையிலும் அந்த நெருக்கல் இல்லை. வளையத்தின் குறுக்கே ஒரு தலைமுடி படுத்திருந்தால், அதை ஒட்டி இரண்டு பக்கமும் நுண்ணிய வழி உண்டாகும். உப்புத் தண்ணீர் மெல்ல உள்ளே போகும். தண்ணீருக்கு அடியில் ஒன்றும் ஆகாத கம்ப்யூட்டர் தொட்டியில் கிடந்து செத்துப்போவது இப்படித்தான்.

வாட்ச் கடைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். அங்கே உட்கார்ந்திருக்கும் அண்ணன்களின் கைத்திறமையில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. நுணுக்கமான வேலையில் என்னைவிட அவர்கள் பல மடங்கு தேர்ந்தவர்கள். ஆனால் அவர்களிடம் சரியான பேட்டரி இருக்கும், உங்கள் மாடலுக்கு உரிய புது ஓ-ரிங் இருக்காது. பழைய வளையத்தையே மறுபடி போட்டு மூடுவார்கள். மழைத்துளி மட்டும் படும் கைக்கடிகாரத்துக்கு அது போதும். கடலுக்கு அடியில் போகும் கருவிக்குப் போதாது. ஒருமுறை நசுங்கிய வளையம் தட்டையாகியிருக்கும். திறந்து மூடியபின் முன்பு இருந்த அதே வாகில் திரும்ப உட்காராது. எனவே தயாரிப்பு நிறுவனம் விற்கும் பேட்டரி கிட்டை வாங்குங்கள். பேட்டரியும் வளையமும் சேர்ந்தே வரும், சிலவற்றில் புது மூடியும் இருக்கும்.

எல்லா மாடலையும் நாமே திறக்கலாம் என்பதும் இல்லை. பின்பக்கம் நாணயத்தை வைத்துத் திருகித் திறக்கும்படி தனி மூடி இருந்தால், பெரும்பாலும் அது உரிமையாளரே மாற்றும்படி வடிவமைத்தது. கைக்கடிகாரம் போன்ற ஒல்லியான சில மாடல்களில் பின்தகடு முழுவதையும் நுண்ணிய திருகாணிகளைக் கழற்றித் திறக்க வேண்டும். உள்ளே மின்பலகை திறந்த நிலையில் இருக்கும். அவற்றை அழுத்தச் சோதனைத் தொட்டி வைத்திருக்கும் சர்வீஸ் நிலையத்துக்கு அனுப்புவதே சரி. செலவும் காத்திருப்பும் இருக்கும், இருந்தாலும் அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சென்னையிலிருந்து மாதம் தவறாமல் டைவுக்கு வரும் ஒரு தம்பி, தானே மாற்றக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கிட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தான். அவனை உட்கார வைத்துச் செய்ய வைத்ததை அப்படியே சொல்கிறேன்.

கிட்டைப் பிரித்த கையோடு மூடியில் கை வைத்தான். “தம்பி, முதல்ல எழுந்து ஃபேனை நிறுத்து” என்றேன். மின்விசிறி சுற்றும் அறையில் முடியும் தூசியும் எங்கே வந்து விழும் என்று சொல்ல முடியாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, முழுக்கக் காய்ந்தபின் உட்காரச் சொன்னேன். மேசையில் வெள்ளைத் தாள் ஒன்றை விரித்தோம். துண்டு வேண்டாம், நூல் பிரியும். கருவியும் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், மூடியின் விளிம்பில் ஒளிந்திருக்கும் ஈரம் உட்பட. கடற்கரை ஊரின் புழுக்கக் காற்றை உள்ளே வைத்து மூடினால், ஆழத்தின் குளிரில் அது கண்ணாடியின் உட்புறம் பனியாகப் படியும். அதனால் ஏ.சி. அறை இருந்தால் அங்கே செய்வது நல்லது.

மூடியில் திறப்பதற்கும் மூடுவதற்கும் அம்புக்குறி இருந்தது. அதைப் பார்த்து நாணயத்தால் திருப்பினான். மரை பிளாஸ்டிக். பலம் காட்டினால் வழுக்கிவிடும். நகராவிட்டால் உப்புப் பூத்திருக்கிறது என்று அர்த்தம். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஊறவைத்து, திரும்பக் காயவைத்துத்தான் தொட வேண்டும். மூடியை முகத்துக்கு நேரே வைத்துத் திறக்காதே என்றும் சொன்னேன். உள்ளே எப்போதாவது தண்ணீர் புகுந்திருந்தால் பேட்டரியும் உப்புநீரும் சேர்ந்து வாயு உண்டாகி அடைபட்டிருக்கும், மூடி தெறிக்கலாம். அவனுடையதில் உள்ளே சுத்தமாக இருந்தது.

பழைய பேட்டரியை எடுக்குமுன் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொண்டான். நல்ல பழக்கம். அடுத்து வளையம். அவன் கை சட்டென்று ஊக்கைத் தேடியது. தடுத்தேன். “அதால நோண்டினா ரிங்குல கீறல் விழுந்தா என்னக்கா, எப்படியும் அதைத் தூக்கித்தானே போடப் போறோம்?” என்று கேட்டான். வளையத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, வளையம் உட்காரும் பள்ளத்தைப் பற்றித்தான் கவலை. வளையத்தைப் புதிதாக வாங்கலாம். பள்ளத்தில் ஊக்கு போட்ட கீறல் ஆயுள் முழுக்க இருக்கும், எந்தப் புது வளையமும் அதை அடைக்காது. இரண்டு கட்டைவிரலாலும் வளையத்தை இருபுறமும் பிடித்து, ஒன்றை நோக்கி ஒன்றைத் தள்ளச் சொன்னேன். நடுவில் சின்ன மேடு எழும்பியது. பழைய ஏ.டி.எம். அட்டையின் முனையை அதற்கடியில் கொடுத்தான், வளையம் கையோடு வந்துவிட்டது.

பள்ளத்தைத் துடைக்கப் பஞ்சுக் குச்சி ஆகாது. அதன் இழை அங்கேயே தங்கும். மூக்குக் கண்ணாடி துடைக்கும் நூல் பிரியாத துணியை மடித்து, அதன் முனையால் ஒரு சுற்றுத் துடைத்தான். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு இடத்தில் மினுமினுப்பாக ஒரு மணல் துகள். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு. அதையும் எடுத்தபிறகுதான் புது வளையத்தை உறையிலிருந்து பிரித்தோம்.

வளையத்தை விரல்களுக்கிடையே மெதுவாகச் சுற்றிவிட்டால் வெட்டோ பிசிரோ இருந்தால் கண்ணைவிட விரலுக்கு முதலில் தெரியும். பிறகு சிலிகான் கிரீஸ். அரிசி மணியில் பாதியளவு எடுத்து, வளையம் முழுக்கப் பளபளப்பு மட்டும் வரும்படி தடவ வேண்டும். தண்ணீரைத் தடுப்பது கிரீஸ்தான் என்று நினைத்து அப்புகிறவர்கள் நிறையப் பேர். தடுப்பது ரப்பர், மூடியைத் திருகும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கிப் போவதற்குத்தான் கிரீஸ். அதிகமானால் தூசியையும் மணலையும் இழுத்து வைத்துக்கொள்ளும். வாசலின் கூடவே கூடாது, சில வகை ரப்பரை அது ஊதவைத்துக் கெடுத்துவிடும். வளையமே சிலிகானில் செய்ததாக இருந்தால் சிலிகான் கிரீஸும் அதை ஊதவைக்கும். எனவே கிரீஸ் வேண்டாம் என்று கையேடு சொன்னால் வேண்டாம்தான்.

பேட்டரி சிஆர் 2450. இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கடையில் ஏமாற மாட்டோம். 24 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 50 என்பது தடிமன் 5.0 மில்லிமீட்டர். சிஆர் 2430 அதே விட்டம்தான், தடிமன் மட்டும் 3. அது தொடுமுனையை எட்டாமல் ஆடிக்கொண்டிருக்கும், தண்ணீருக்குள் ஒரு குலுக்கலில் திரை போய்விடும். மூன்று வோல்ட் பேட்டரியின் இடத்தில், அதே அளவில் கிடைக்கும் ரீசார்ஜ் வகையைப் போடக் கூடாது. முழுக்க ஏறினால் அது 4 வோல்ட்டைத் தாண்டும். உறையில் போட்டிருக்கும் தேதியையும் பாருங்கள்.

பேட்டரியின் இரண்டு முகத்தையும் ஒரே நேரத்தில் விரலால் பிடிக்காமல், ஓரத்தைப் பிடித்து வைத்தான். இரும்பு இடுக்கியால் எடுத்தால் மேலும் கீழும் சேர்ந்து ஷார்ட் ஆகிவிடும். குழந்தைகள் விழுங்காமல் இருக்கக் கசப்புப் பூச்சு பூசிய பேட்டரிகள் இப்போது வருகின்றன. அந்தப் பூச்சு சில கருவிகளில் மின்தொடர்பைத் தடுக்கும். போட்டும் திரை வராவிட்டால் அதை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துப் பாருங்கள்.

மூடியை வைத்ததும் உடனே திருகாமல், முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுற்றினால் மரை பொருந்தும் இடத்தில் சின்னதாக ஒரு இறக்கம் தெரியும். அங்கிருந்து மூட வேண்டும். அம்புக்குறி கோட்டுக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் இறுக்குவோமே என்ற ஆசைதான் மூடியில் விரிசல் விடுகிறது.

பிறகு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நல்ல தண்ணீர் ஊற்றி அதில் போட்டோம். மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குமிழிகள் உதறினால் போய்விடும், அவற்றால் ஒன்றும் இல்லை. மூடியின் ஓரத்தில் ஒரே இடத்திலிருந்து விடாமல் குமிழி வந்தால் உடனே எடுத்து, துடைத்து, திறந்து பார்க்க வேண்டும். எதுவும் வரவில்லை. அரை மணி நேரம் ஊறவிட்டு எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் மூட்டமும் இல்லை. மேல் மட்டத்தில்தான் கசிவு அதிகம் என்றேனே, அதனால் இந்தக் கிண்ணச் சோதனையை எளிதென்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

தம்பி கிளம்பத் தயாராகிவிட்டான். உண்மையில் வேலை அப்போதும் முடியவில்லை. பேட்டரி கழன்ற கம்ப்யூட்டர் பல நேரம் அமைப்புகளையும் மறந்துவிடுகிறது. தேதி, மணி தப்பாக இருந்தால் டைவ் குறிப்புதான் குழம்பும். மீட்டர் போய் அடி வந்திருந்தால் இறங்கிய பிறகு பதற வேண்டியிருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆக்சிஜன் அளவு. ஆக்சிஜனைக் கூட்டிய நைட்ராக்ஸ் காற்றில் 32 சதவீதம் என்றால் வழக்கமான எல்லை 33 மீட்டர். அதற்குக் கீழே ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பு வரலாம். கம்ப்யூட்டர் தானாகவே சாதாரணக் காற்றின் 21 சதவீதத்துக்குத் திரும்பியிருந்தால் அந்த எல்லையில் அது எச்சரிக்காது. அவனுடையதும் 21-க்குத் திரும்பியிருந்தது. 32 என்று மாற்றி, ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தான்.

இவ்வளவு கவனத்தோடு போட்ட பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று வருகிறவர்களின் கருவியைத் திருப்பிப் பார்ப்பேன். பெரும்பாலும் காரணம் உப்பு. பல கம்ப்யூட்டர்களில் தண்ணீர் பட்டதும் தானே விழித்துக்கொள்ள இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். தண்ணீர் அவற்றை இணைத்ததும் டைவ் தொடங்கிவிட்டது என்று கருவி புரிந்துகொள்ளும். அவற்றுக்கு நடுவே உப்பும் சன்ஸ்கிரீன் பிசுக்கும் படிந்திருந்தால் பைக்குள் கிடக்கும்போதும் விழித்தே இருக்கும். அந்தப் பிசுக்கே உலோகத்தை முழுக்க மூடிவிட்டால், தண்ணீருக்குள் போயும் விழிக்காது. டைவ் முடிந்ததும் நல்ல தண்ணீரில் சற்று நேரம் ஊறவைத்து, உலோகப் புள்ளிகளை விரலால் தேய்த்துவிட்டு, துடைத்து நிழலில் காயவைத்தால் போதும். எங்கள் பக்கம் கடலோர போர்த் தண்ணீரே உப்புக் கரிக்கும் என்பதால், கடைசி அலசலுக்கு நான் குடிதண்ணீர்தான் எடுப்பேன். வெள்ளையாகப் பூத்திருந்தால் வினிகரையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கழுவலாம்.

ஆழத்தை அளக்கும் சென்சாரின் துளைகள் கருவியின் பக்கவாட்டிலோ பின்புறமோ இருக்கும். அவற்றில் ஊசி விடவே கூடாது. டேங்கின் காற்றைப் பீய்ச்சி உலர்த்துவதும் கூடாது. படகில் பலர் இதைச் செய்வதைப் பார்த்து மனம் வலித்திருக்கிறது. ரெகுலேட்டர் மூடியை அப்படி ஊதிக் காயவைப்பது வழக்கம் என்பதால் கை பழகிவிட்டது. ஆனால் அந்த வேகம் சென்சாரின் மெல்லிய சவ்வைக் கெடுத்துவிடும், அதன்பின் அது காட்டும் ஆழத்தை நம்ப முடியாது. கொசு விரட்டித் திரவம் பட்ட கையால் தொடுவதும் தப்பு, அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும். வெயிலில் காயும் படகுத் தளத்திலும் காரின் முன்கண்ணாடிக்குக் கீழும் வைத்தால் திரை கறுத்துவிடும், பேட்டரியும் மூடியின் வளையமும் கெடும்.

சார்ஜ் செய்யும் மாடல் வைத்திருப்பவர்களுக்கு வளையத் தொல்லை இல்லை. அவர்கள் கவனிக்க வேண்டியது சார்ஜ் முனைகள். உப்பு ஈரத்தோடு சார்ஜரை மாட்டினால் மின்சாரமே உலோகத்தை அரித்துப் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். மழைக்காலத்தில் தூக்கி வைக்கும்போது பாதி அளவு சார்ஜோடு வையுங்கள். முழுக்கத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் அந்தப் பேட்டரி திரும்ப எழாது.

தண்ணீர் புகுந்துவிட்டால் முதல் வேலை பேட்டரியை எடுப்பது. எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறதோ அவ்வளவு அரிப்பு. பல மாடல்களில் பேட்டரி அறையும் மின்பலகையும் தனித்தனியாக அடைக்கப்பட்டிருக்கும், எனவே எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அறையை நல்ல தண்ணீரால் அலசி, காயவைத்து, கிடைக்கும் முதல் வாய்ப்பில் சர்வீஸுக்கு அனுப்புங்கள். அரிசி டப்பாவில் புதைத்து வைப்பதால் உப்பு போகாது.

கழற்றிய பேட்டரியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்குப் போதாத மின்சாரம் என்றாலும், ஒரு குழந்தையின் உணவுக்குழாயைப் புண்ணாக்க அது போதும். 20 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருக்கும் பட்டன் பேட்டரிகள் சின்னக் குழந்தைகளின் தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொள்ளும். ஈரமான திசுவைத் தொட்டதும் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் கடுமையாகப் பொசுக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள், என்ன பேட்டரி என்று அங்கே சொல்லுங்கள். நான் மூடியைத் திறக்கும்போதே பழையதின் இரு முகத்திலும் டேப் ஒட்டிவிடுவேன். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையில் சேர்க்கக் கூடாது, தனியாகச் சேகரிப்பவர்களிடம் கொடுக்க வேண்டும். என் அறையில் அதற்கென ஒரு டப்பா இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து போடலாம்.

போர்ட் பிளேருக்கு விமானம் ஏறுகிறவர்கள் மாற்றுப் பேட்டரியைச் சரக்குப் பெட்டியில் வைக்காதீர்கள். தனியாக எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும் என்பது விமான விதி. கம்ப்யூட்டரும் கைப்பையிலேயே வரட்டும். திரும்பும் நாளையும் முன்பே கணக்கில் வையுங்கள். சிக்கல் இல்லாத ஒற்றை டைவுக்குப் பின் 12 மணி நேரமும், பல டைவுகளுக்குப் பின் 18 மணி நேரமும் குறைந்தது காத்திருந்துதான் பறக்க வேண்டும் என்று டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்கிறது.

கம்ப்யூட்டருக்குப் பேட்டரி மாற்றும் நாளிலேயே, சிலிண்டர் அழுத்தத்தை மணிக்கட்டுக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவர்கள் அதற்கும் மாற்றுங்கள். அதற்குத் தனிப் பேட்டரி, தனி வளையம். பயணப் பையில் பேட்டரி ஒன்று வைத்தால் வளையம் இரண்டாக வையுங்கள். தங்கும் அறையில் ஒன்று மணலில் விழுந்தால் இன்னொன்று இருக்கும். அந்தமானின் ஹேவ்லாக்கில் பேட்டரி ஒருவேளை கடையில் கிடைத்துவிடும், உங்கள் மாடலின் ஓ-ரிங் கிடைக்காது. ஹார்டுவேர் கடையில் குழாய் வாஷர்களுக்கு நடுவே தேடி அதே அளவில் ஒன்றை எடுத்துவந்து கேட்பவர்களிடம் நான் காலிப்பரை வைத்து அளந்து காட்டுவேன். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு வளையங்களின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு பங்கு மாறும். ஒன்று பள்ளத்தில் நசுங்காமலே தளர்ந்து கிடக்கும், இன்னொன்று மூடியையே மூட விடாது.